எட்டில் நான்கு: சிட்டி ஐ-டிஎஸ்ஐ-யின் பின்வரிசை பிளக்குகள், ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 2006 மாடல் ஹோண்டா சிட்டி இசட்எக்ஸ். 1.5 லிட்டர் ஐ-டிஎஸ்ஐ பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர். ஓடோமீட்டரில் 1,42,000 கி.மீ. சென்னை திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கிறது. எஞ்சின் வகை, கடல், மரம் மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியின் கோளாறில் மூன்றுக்கும் பங்கு உண்டு.

புகார் இது. ஏசி போட்டுக்கொண்டு இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது, 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்முக்குள் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி உதறுகிறது. ஏசியை அணைத்தால் உதறல் பாதியாகிறது. 3,000-ஐத் தாண்டினால் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது, ஆனால் இழுவை மந்தம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடிகள் மிஸ்ஸிங் அடிக்கும். மழை பெய்த மறுநாள் அது இன்னும் அதிகம். ஊருக்குள் லிட்டருக்கு 13 கி.மீ. கொடுத்த வண்டி 10-க்கு இறங்கியிருந்தது.

இதற்கு முன் திராட்டில் பாடியைக் கழுவியாகிவிட்டது. இன்ஜெக்டர் சுத்தம் செய்தாகிவிட்டது. பெட்ரோல் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. எதிலும் பலன் இல்லை. ‘பிளக் போன சர்வீஸில்தான் மாற்றினோம்’ என்று சொல்லப்பட்டதால் பிளக் பக்கம் யாரும் திரும்பவில்லை. அந்த சர்வீஸ் பில்லை வாங்கிப் பார்த்தால் ‘ஸ்பார்க் பிளக் – 4’ என்று இருந்தது. இந்த எஞ்சினில் இருப்பது எட்டு.

மைலேஜ் குறைந்தால் இப்போது முதல் பழி எத்தனால் கலந்த பெட்ரோலின் மேல் விழுகிறது. அதில் உண்மை இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் மொத்த ஆற்றல் 6, 7 சதவீதம் குறையும். ஆனால் 13 என்பது 10 ஆவது 23 சதவீதச் சரிவு. அதோடு எரிபொருள் மட்டுமே காரணமாக இருந்தால் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில், சுமை ஏறும்போது மட்டும் உதறல் வராது. மழைக்கு மறுநாள் கூடவும் கூடாது. ஈரத்தோடு கூடிக் குறையும் கோளாறு என்றால் முதலில் பார்க்க வேண்டியது பெட்ரோலைப் பற்றவைக்கும் மின் அமைப்பான இக்னிஷன்.

எஞ்சின் எப்படி வேலை செய்கிறது

இந்த உடல்வாகு சிட்டி இந்தியாவில் 2003 கடைசியிலிருந்து 2008 வரை விற்பனையில் இருந்தது. ஐ-டிஎஸ்ஐ எஞ்சின் 1,497 சிசி, எட்டு வால்வு, நான்கு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். ரேடியேட்டர் பக்கம் நான்கு, கேபினைப் பிரிக்கும் ஃபயர்வால் பக்கம் நான்கு. பிளக் எட்டு என்றால் அவற்றுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் காயிலும் எட்டு, ஒவ்வொன்றும் தன் பிளக்கின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரே சிலிண்டரில் இரண்டு மூலைகளிலிருந்து தீ கிளம்பி நடுவில் சேர்வதால் பெட்ரோல்-காற்றுக் கலவை விரைவாக எரிகிறது. வேகத்தையும் சுமையையும் பார்த்து இரண்டையும் ஒரே நேரத்திலோ, சின்ன இடைவெளி விட்டோ கம்ப்யூட்டர் எரிய வைக்கிறது. இந்த எஞ்சின் கீழ் ஆர்பிஎம்மில் நன்றாக இழுப்பதற்கும், ஒரு காலத்தில் மைலேஜுக்குப் பேர் வாங்கியதற்கும் இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

இதே உடலில் 16 வால்வு விடெக் எஞ்சினும் வந்தது. அதற்கு நான்கு பிளக்தான். கடையில் ‘சிட்டி இசட்எக்ஸ் பிளக் செட்’ என்று மட்டும் கேட்டால் நான்கை எடுத்துக் கொடுப்பது இயல்பு. எஞ்சின் வகையைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

இரண்டில் ஒரு பிளக் செத்துவிட்டால் சிலிண்டர் சாகாது, மற்றது எரிக்கும். அதனால்தான் இந்தக் கோளாறு வருஷக்கணக்கில் மறைந்து கிடக்கிறது. தீ ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பரவுவதால் எரிய அதிக நேரம் எடுக்கும். கம்ப்யூட்டரோ இரண்டு தீயைக் கணக்கில் வைத்துத்தான் டைமிங் கொடுத்திருக்கும். எனவே அழுத்தம் தாமதமாக உச்சத்துக்கு வருகிறது, அந்த சிலிண்டர் மற்ற மூன்றைவிடக் குறைவாகத் தள்ளுகிறது. ஐடிலில் இது தெரியாது. ஏசி கம்ப்ரஸரின் சுமையோடு கீழ் ஆர்பிஎம்மில் மிதிக்கும்போது அப்பட்டமாகத் தெரியும். இந்த வண்டியின் புகார் எழுத்துக்கு எழுத்து இதுதான்.

கழற்றாமலே கண்டுபிடித்தது

பின்வரிசையை எட்ட முடியாவிட்டாலும், முன்வரிசையை வைத்தே அதைச் சோதித்துவிடலாம். இரட்டை பிளக் எஞ்சின் தரும் வசதி இது. முன்பக்கக் காயில் ஒன்றின் கனெக்டரைக் கழற்றினால், அந்த சிலிண்டர் பின்பக்க பிளக்கை மட்டும் நம்பி ஓட வேண்டும். ஓடினால் பின்பிளக் உயிரோடு இருக்கிறது. சிலிண்டர் படுத்துவிட்டால் பின்பிளக்கோ அதன் காயிலோ செத்துவிட்டது.

செய்யும் முறை: இக்னிஷனை அணைத்து, ஒரு முன்காயிலின் கனெக்டரை மட்டும் கழற்றி, ஸ்டார்ட் செய்து, ஐடிலிலும் ஏசி போட்டும் அரை நிமிடம் கவனிக்க வேண்டும். அணைத்து, கனெக்டரைத் திரும்ப மாட்டி, அடுத்ததுக்குப் போக வேண்டும். காயிலையே பிளக்கிலிருந்து தூக்கிவிட்டு எஞ்சினை ஓட்டக் கூடாது. பொறி போக இடமில்லாமல் காயிலுக்குள்ளேயே பாய்ந்து அதைக் கெடுக்கும், கையிலும் அடிக்கும். சிலிண்டர் படுத்தது தெரிந்தவுடன் அணைத்துவிட வேண்டும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போனால் அது அளவுக்கு மீறிச் சூடாகும்.

கிடைத்த விடை தெளிவாக இருந்தது. டைமிங் செயின் பக்கத்திலிருந்து எண்ணினால் 1, 4 இரண்டிலும் சிறிய அதிர்வு மட்டும். 3-இல் ஐடில் தடுமாறியது, ஏசி போட்டதும் மோசமானது. 2-இல் கனெக்டரைக் கழற்றியதும் வண்டி மூன்று சிலிண்டரில் ஆட ஆரம்பித்தது. அதாவது இரண்டாம் சிலிண்டரின் பின்பிளக் வேலையே செய்யவில்லை, மூன்றாவதின் பின்பிளக் தள்ளாடுகிறது.

மல்டிமீட்டரை வைத்துக் காயிலின் ஓம் பார்ப்பது இந்த வண்டியில் வீண் வேலை. காயிலை இயக்கும் மின்சுற்றான இக்னைட்டர் காயிலுக்குள்ளேயே இருப்பதால் வெளி முனைகளில் கிடைக்கும் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காயிலை இடம் மாற்றிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. அதற்குப் பின்வரிசையைத் திறந்தாக வேண்டும்.

ஏன் கவுலைக் கழற்றியே ஆக வேண்டும்

பின்வரிசை பிளக்குகள் விண்ட்ஷீல்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவுலின் கீழே ஒளிந்திருக்கின்றன. கவுலைத் தொடாமல் மேலிருந்து கையை நுழைத்து, சாய்ந்த கோணத்திலும் திருகும் யுனிவர்சல் ஜாயின்ட் போட்டு, கண்ணால் பார்க்காமல் விரல் உணர்விலேயே பிளக்கை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். கை பழகியவர்களால் முடியும்தான். ஆனாலும் 15, 20 வருஷமான வண்டியில் அதைச் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

முதல் காரணம், பிளக் உட்கார்ந்திருக்கும் குழியைப் பார்த்து ஏர் அடிக்க முடியாது. அதில் கிடக்கும் மணலும் துருவும் பிளக் வெளியே வந்த கணமே சிலிண்டருக்குள் விழும். அடுத்தது, யுனிவர்சல் ஜாயின்ட் சாய்ந்த கோணத்தில் சுழலும்போது சாக்கெட் பக்கவாட்டில் அழுத்தி பிளக்கின் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விடும். புது பிளக் முதல் நாளே மிஸ்ஸிங் அடிப்பதற்கு அடிக்கடி காரணம் இந்தக் கீறல்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மரை. சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக்கின் உடல் இரும்பு. கோணலாக ஏற்றினால் தோற்பது அலுமினியம்தான். இரண்டு மணி நேர வேலையை மிச்சம் பிடிக்கப் போய் ஹெட்டைக் கழற்றும் நிலை வரும். நான்கு மட்டும் மாற்றி அனுப்பும் பழக்கமும் இதே சிரமத்தைத் தவிர்ப்பதற்காக வந்ததுதான். இருசக்கர வண்டியிலும் இதே கதை உண்டு. பல்சர் டிடிஎஸ்-ஐ வண்டிகளில் சுலபமாகக் கைக்கு வரும் பிளக் மட்டும் மாறி, இன்னொன்று பல சர்வீஸ்களுக்கு அப்படியே கிடக்கும்.

வெளியே எடுத்தது

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இரவு முழுக்க நின்ற வண்டி உத்தமம். சூடான அலுமினியத்தில் பிளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வரும். வைப்பரை ஒருமுறை போட்டு நிறுத்தி, அது தன் ஓய்வு நிலைக்கு வந்தபின் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். அடுத்த கட்டத்தில் விரல்கள் வைப்பரை ஆட்டும் கம்பி இணைப்பான லிங்கேஜுக்குள் இருக்கும், தவறுதலாக மோட்டார் ஓடினால் விரல் போய்விடும்.

தேவைப்பட்ட கருவிகள்: 16 மி.மீ. மெல்லிய சுவர் பிளக் சாக்கெட் (உள்ளே ரப்பர் அல்லது காந்தம் உள்ளது), 3/8 அங்குல ராட்செட், 75 மற்றும் 150 மி.மீ. எக்ஸ்டென்ஷன், 10 மி.மீ. சாக்கெட், வைப்பர் நட்டுக்கு 12 அல்லது 14 மி.மீ. சாக்கெட், சின்ன புல்லர், 18 நியூட்டன் மீட்டரைத் துல்லியமாகக் காட்டும் சிறிய டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுவது), இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், ஏர் அடிக்க ஒரு புளோயர், ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸ். பெரிய வீல் நட்டுக்கான டார்க் ரெஞ்ச் இதற்கு ஆகாது, அதன் அடிமட்ட அளவில் பிழை அதிகம். பாரிமுனை செம்புதாஸ் தெருவில் இந்த வகைக் கருவிகள் தனித்தனியாகவே கிடைக்கும், முழு செட் வாங்கத் தேவையில்லை.

வைப்பர் பிளேடு நிற்கும் இடத்தில் கண்ணாடியில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தாயிற்று. நட் கழன்றது, கை அசையவில்லை. கடலோர வண்டியில் இதை எதிர்பார்த்தே தொடங்க வேண்டும். வைப்பர் கையின் அலுமினியமும் ஸ்பிண்டிலின் இரும்பும் உப்புக் காற்றில் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கும். சுத்தியலால் தட்டினால் கண்ணாடி விரியும், இல்லை லிங்கேஜ் வளையும். நட்டை இரண்டு மரை அளவுக்குத் திரும்ப ஏற்றி வைத்து, துருவை இளக்கும் எண்ணெய் அடித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, பேட்டரி டெர்மினல் புல்லர் போட்டு மெல்ல இழுத்ததும் இரண்டும் வந்தன.

கவுலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் சென்னை வெயிலில் வறண்டு போயிருக்கும். பாதியாவது உடையும் என்று எண்ணி ஏழெட்டு கிளிப் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. இந்த வண்டியில் மூன்று கிளிப்புகள் ஏற்கெனவே இல்லை. எப்போதோ வைப்பர் மோட்டாருக்குக் கை வைத்தவர்கள் திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார்கள். கவுலின் முன்விளிம்பு ரப்பரும் கல்லாகி ஓரிடத்தில் தூக்கிக்கொண்டிருந்தது.

கவுல் தூக்கப்பட்டதும் காரணம் கண்ணெதிரே வந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகளும் பூவிழைகளும் மக்கி, சேறாகி, இரண்டு பக்க நீர்வடிகால் துளைகளையும் அடைத்திருந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடியிலிருந்து வடியும் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, தூக்கிக்கொண்டிருந்த ரப்பரின் வழியே எஞ்சின் மேல் சொட்டியிருக்கிறது. சொட்டிய இடம் சரியாக இரண்டாம் சிலிண்டரின் பின்காயில். வேம்பு, பெருங்கொன்றை மரத்தடிகளில் நிற்கும் வண்டிகளிலும் இப்படித்தான் அடைக்கும்.

லிங்கேஜை மோட்டாரோடு சேர்த்து போல்ட் கழற்றி, கனெக்டரை விடுவித்து எடுத்து, அடியில் இருந்த தகட்டையும் நீக்கியபின் நான்கு பின்காயில்களும் நேராகத் தெரிந்தன. சேற்றைக் கையால் வழித்து எடுத்தபிறகே ஏர் அடிக்க வேண்டும். முதலிலேயே அடித்தால் எல்லாம் எஞ்சின் மேல் போய் விழும்.

காயில் கனெக்டரின் பூட்டு நாக்கு முறுகி இருக்கும். நாக்கை முழுக்க அழுத்திக்கொண்டு கனெக்டரின் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. காயிலுக்கு ஒரு 10 மி.மீ. போல்ட். அது வந்தபின் காயிலை இடமும் வலமுமாகக் கால் சுற்று திருப்பி ஒட்டை விடுவித்து, அதன்பின் தூக்க வேண்டும். நேராக இழுத்தால் பிளக்கைக் கவ்வியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். எட்டுக் காயிலுக்கும் மு1, மு2, பி1, பி2 என்று ஒட்டி வைத்தோம். முன்வரிசைக் காயிலைப் பின்வரிசையில் போடக் கூடாது, அதன் இடம் அதற்குத்தான்.

பிளக் விஷயத்தில் நிதானம் வேண்டும். கால் சுற்று மட்டும் இளக்கி, நிறுத்தி, குழியில் ஏர் அடித்து, அதன்பின்தான் முழுக்கத் திருக வேண்டும். பி1, பி3, பி4 மூன்றும் மறுப்பில்லாமல் வந்தன. பி2-வின் தலையே துருவில் மூடிக் கிடந்தது. கால் சுற்றில் கிரீச்சென்று சத்தம் போட்டு இறுகியது. இந்த இடத்தில் பலத்தைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கால் சுற்று திறந்து, அரைக்கால் சுற்று திரும்ப மூடி, துருவை இளக்கும் எண்ணெய் சில துளி விட்டு, சில மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி முன்னும் பின்னுமாக அசைத்துக் கொண்டுவர வேண்டும். அப்படியும் அசையாவிட்டால் எஞ்சினைக் கை தாங்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து முயலலாம். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிவதால் பிடி சற்று இளகும். தொட முடியாத சூட்டில் செய்யவே கூடாது. இந்த வண்டியில் ஊறவிட்டதே போதுமாக இருந்தது, பிளக் உடையாமல் வந்தது.

மரையின் அடிப்பகுதியில் கரி படிந்திருந்ததால் எம்14×1.25 மரையைச் சுத்தம் செய்யும் சேஸரை, அதன் பள்ளங்களில் கிரீஸ் அடைத்து, கையாலேயே ஏற்றி இறக்கி எடுத்தோம். கிரீஸ் கரியைப் பிடித்துக்கொள்ளும். புது மரை வெட்டும் டேப்பை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, அது நல்ல அலுமினியத்தையும் சுரண்டும். மரை முழுக்கக் கழன்றிருந்தால் ஸ்டீல் இன்செர்ட் போடுவதுதான் வழி. அதை இந்தக் குறுகிய இடத்தில் சரியான கோணத்தில் போடுவது கடினம். ஹெட்டை இறக்கி லேத்தில் கொடுப்பதே பாதுகாப்பு.

பிளக்குகள் சொன்னது

அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகச் செருகி வைத்துப் பார்த்தால் எஞ்சினின் வரலாறே கிடைக்கும். முன்வரிசை நான்கும் புதியவை, நுனி வெளிர் பழுப்பு, குறை இல்லை. பின்வரிசை நான்கிலும் நடு எலெக்ட்ரோடின் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தது. நிக்கல் பிளக்கை அதன் ஆயுளைத் தாண்டி ஓட்டினால் இப்படித்தான் ஆகும். இடைவெளி 1.1 மி.மீ. இருக்க வேண்டியது, பி3-இல் 1.5-ஐத் தாண்டியிருந்தது. பி2-வின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழ்வரை பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு கருங்கோடு. அதன் காயிலின் ரப்பர் உறையில் ஊசி முனை அளவு வெந்த துளை.

இரண்டும் சேர்ந்து சொல்வது ஒரே காரியம். இடைவெளி அகலமாக அகலமாக, பொறி தாண்டுவதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படும். காயிலும் அதைக் கொடுக்கப் பார்க்கும். ஈரம் இறங்கிய குழியில் அந்த மின்சாரம் சுலபமான வழியைத் தேடி, பீங்கானின் வெளிப்பரப்பிலும் ரப்பரைத் துளைத்துக் குழிச்சுவரிலும் பாய்ந்துவிட்டது. ஒருமுறை கரிக்கோடு விழுந்தால் அதுவே நிரந்தரப் பாதை. புது பிளக் போட்டுப் பழைய துளை விழுந்த உறையையே மாட்டினால் புது பீங்கானிலும் சில நாளில் அதே கோடு விழும். எனவே பி2 காயிலும் மாற்ற வேண்டியதே. உறுதி செய்ய, புது பிளக்குகளைப் போட்டபின் பி2, பி3 காயில்களை மட்டும் இடம் மாற்றி ஓட்டிப் பார்த்ததில், தடுமாற்றம் மூன்றாம் சிலிண்டருக்கு நகர்ந்தது.

பீங்கான் உடலோடு சேரும் இடத்தில் மங்கலான பழுப்பு வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது உயர் மின்னழுத்தத்தால் எண்ணெய்த் துகள் ஒட்டுவது, கோளாறு அல்ல. நெடுக்கான கருங்கோடுதான் கோளாறு.

உதிரிபாகம் வாங்குவது

இந்த எஞ்சினுக்குப் பொருந்துவது 14 மி.மீ. மரை, 19 மி.மீ. நீளம், 16 மி.மீ. தலை கொண்ட, ரெசிஸ்டர் உள்ள பிளக். என்ஜிகே வரிசையில் பிகேஆர்6இ-11 இந்த அளவுகளைக் கொண்டது. அதில் 6 என்பது பிளக் சூட்டைக் கடத்தும் திறனைக் காட்டும் வெப்ப எண், 11 என்பது 1.1 மி.மீ. இடைவெளி. வாங்குமுன் உரிமையாளர் கையேட்டில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெப்ப எண்ணைக் கடைக்காரர் சொல்லுக்காக மாற்றக் கூடாது.

பின்வரிசைக்காக இவ்வளவு கழற்றும் வண்டியில் எட்டும் இரிடியமாகப் போடுவதே கணக்குக்குச் சரி. நிக்கல் பிளக் 30,000, 40,000 கி.மீ. வரை தாங்கும். இரிடியம் ஏறக்குறைய ஒரு லட்சம் போகும். இந்த வயதுள்ள வண்டிக்கு இன்னொருமுறை கவுலைத் திறக்கும் தேவையே வராமல் போகலாம். முன்னால் நிக்கல், பின்னால் இரிடியம் என்று வெப்ப எண்ணும் இடைவெளியும் ஒத்திருந்தால் ஓடத்தான் செய்யும். ஆனால் எதை எப்போது மாற்றியது என்ற கணக்கு அடுத்தவர் கைக்குப் போகும்போது குழம்பிவிடும், பழையபடி நான்கு மட்டும் மாறும். இந்த வண்டியில் புதிதாக இருந்த முன்வரிசை நான்கையும் எடுத்துவிட்டு எட்டும் இரிடியம் போடப்பட்டது.

பிரபல பிளக்குகளுக்கு டூப்ளிகேட் தாராளமாக உண்டு. பீங்கானில் எழுத்து விரலால் தேய்த்தால் அழியக் கூடாது. வாஷர் மரையிலிருந்து கழன்று விழக் கூடாது. மரையில் பிசிறு இருக்கக் கூடாது. நடு எலெக்ட்ரோடும் மேல் வளைவும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பில் போட்டுத் தரும் கடையில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கவாவது வழி இருக்கும். காயிலுக்குப் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போகலாமா என்ற கேள்வி வரும். கவுல், கிளிப், வைப்பர் லிங்கேஜ், பானட் ரப்பர் இவற்றுக்குப் புதுப்பேட்டை நல்ல இடம். காயிலுக்கு வேண்டாம். உள்ளே வெந்துபோன காயிலும் வெளியே பார்க்கப் புதுசாகவே இருக்கும், உறை ரப்பரின் வயதும் நம் வண்டியின் வயதுதான்.

மாட்டியது

ஒவ்வொரு பிளக்கின் இடைவெளியையும் ஃபீலர் கேஜால் பார்த்தாயிற்று. இரிடியத்தின் நடு நுனி மெல்லியது, கேஜை அதன்மேல் வைத்து நெம்பினால் முறியும். அளவு சரியாக இருந்தால் தொடாமல் விடுவது நல்லது. மரைக்கு கிரீஸோ, மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸோ போடவில்லை. பூச்சு உள்ள பிளக்குக்கு அது தேவையில்லை. போட்டால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

ரப்பர் ஹோஸின் நுனியில் பிளக்கின் தலையைச் செருகி, குழிக்குள் இறக்கி, விரலால் ஹோஸை உருட்டி மரையைத் தொடங்க வேண்டும். கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கிச் சுழலும், மரை கெடாது. சாக்கெட்டில் அந்த எச்சரிக்கை கிடைக்காது. வாஷர் உட்காரும்வரை கையாலேயே போக வேண்டும். இரண்டு சுற்றில் இறுகினால் கழற்றித் திரும்பத் தொடங்க வேண்டும். கடைசி இறுக்கம் 18 நியூட்டன் மீட்டர், நேரான எக்ஸ்டென்ஷனில். நடுவில் யுனிவர்சல் ஜாயின்ட் இருந்தால் ரெஞ்ச் காட்டும் எண்ணை நம்ப முடியாது. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், புது வாஷர் உட்கார்ந்தபின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்கலாம். குறைவாக இறுக்கினால் பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்காமல் நுனி பழுத்து, பொறிக்கு முன்பே கலவையை எரிக்கும். அதிகம் இறுக்கினால் உடல் நீண்டு பீங்கான் தளரும், இல்லை மரை போகும்.

ரப்பர் உறையின் வாய்க்குள் மின்சாரம் கடத்தாத சிலிகான் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவியது ஈரத்தைத் தடுக்கும், அடுத்தமுறை உறை கிழியாமல் வரவும் உதவும். காயில் போல்ட் சின்னது, 12 நியூட்டன் மீட்டர் போதும்.

கவுலை மூடுமுன் இரண்டு சோதனை. லிங்கேஜை மாட்டாமல் பேட்டரியை இணைத்து எஞ்சினை ஓட்டி, முன்பு செய்த கனெக்டர் சோதனையை எட்டுக்கும் செய்தோம். இப்போது எதைக் கழற்றினாலும் சிலிண்டர் படுக்கவில்லை. பிறகு எஞ்சினை அணைத்து, சுத்தம் செய்த வடிகால் வாயிலில் குவளைத் தண்ணீர் ஊற்றி, இரண்டு பக்கமும் சக்கரத்தின் பின்னால் தரையில் கொட்டுவதைப் பார்த்தோம். புது ரப்பர், புது கிளிப் போட்டு மூடி, வைப்பர் கைகளை மாட்டாமலே மோட்டாரை ஒருமுறை ஓடவிட்டு ஓய்வு நிலைக்குக் கொண்டுவந்து, டேப் அடையாளத்தில் கைகளை வைத்து நட் இறுக்கினோம். இந்த வரிசை மாறினால் பிளேடு கண்ணாடிச் சட்டத்தில் போய் இடிக்கும்.

பேட்டரி கழற்றியதால் ஐடில் சில நிமிடம் நிலையில்லாமல் இருந்தது. ஏசி, விளக்கு எல்லாம் அணைத்த நிலையில் 3,000 ஆர்பிஎம்மில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை பிடித்து, பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடம் விட்டால் கம்ப்யூட்டர் ஐடிலைத் திரும்பக் கற்றுக்கொள்ளும்.

ஓட்டிப் பார்த்தது

சென்னை தட்டையான ஊர், சுமை சோதனைக்கு மேம்பாலம்தான் வேண்டும். கத்திப்பாரா ஏற்றத்தில் ஏசி முழுக்கப் போட்டு, மூன்றாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து மிதித்ததில் உதறல் இல்லை, இழுவை சீராக வந்தது. ஓஎம்ஆர் நெரிசலில் இரண்டாம் கியர் ஊர்தலும் சுத்தம். டேங்க் நிரப்பி மீண்டும் நிரப்பும்வரை ஓட்டிப் பார்த்ததில் லிட்டருக்கு 12.5 வந்தது. பழைய 13-க்குக் கீழே நிற்கும் அந்த அரை கிலோமீட்டரை எத்தனால் கணக்கில் வைக்கலாம்.

இந்த வயது வண்டிக்கு ஆர்சி புதுப்பிப்பு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும். 2006 வண்டி என்றால் 2021, அதன்பின் 2026. அதற்குப் புகைச் சான்றிதழும் வேண்டும். அரைகுறையாக எரியும் சிலிண்டர் ஹைட்ரோகார்பன் அளவை ஏற்றிவிடும் என்பதால், பின்வரிசையை அதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

மீதம் இருக்கும் கவலை பி3 காயில். அகன்ற இடைவெளியோடு நெடுநாள் உழைத்தது, இப்போதைக்குச் சரியாக இருக்கிறது. அடுத்த எண்ணெய் மாற்றத்தில் மூன்றாம் சிலிண்டரின் முன்கனெக்டரை மட்டும் கழற்றிப் பார்த்தால் அதன் நிலை தெரிந்துவிடும். கவுலைத் திறக்க வேண்டியதில்லை. வடிகாலில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதைப் புரட்டாசி கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை செய்ய வேண்டும். பில்லில் ‘பிளக் – முன் 4, பின் 4, இரிடியம், 1,42,000 கி.மீ.; காயில் – பின்வரிசையில் 2-ஆவது மட்டும்’ என்று எழுதி, அதன் நகல் ஒன்று சர்வீஸ் புத்தகத்தில் ஒட்டப்பட்டது.